கல்லெறிந்த கையைப் பிடித்துக்கொண்டு நடந்தவர்

சித்தூர் பஜார் தெரு. பங்குனி வெயில். மண்டி வாசல்களில் அடுக்கிய வெல்லம் இளகி, அந்த வாடை தெரு முழுக்க நிற்கிறது. வெள்ளை அங்கி போட்ட ஐயர் ஒருவர் என் தம்பி ஞானமுத்துவின் வலது கையைப் பிடித்துக்கொண்டு தெரு நடுவே நடந்து போகிறார். நான் சற்றுப் பின்னால் போகிறேன். கடைக்காரர்கள் தராசை அப்படியே விட்டுவிட்டு எழுந்து நின்று பார்க்கிறார்கள்.

எங்கள் சபையில் குருவை ஐயர் என்றுதான் கூப்பிடுவோம். இவர் பெயர் சத்யானந்தம். அங்கியை ஆராதனைக்கும் கல்யாணம், சாவுக்கும்தான் போடுவார். அன்று வாரநாள். ஊரில் கல்யாணமும் இல்லை, சாவும் இல்லை.

ஏன் அங்கி என்று பிறகொரு நாள் கேட்டேன். "அந்தப் பிள்ளைய யாரு கூட்டினு போறாங்கன்னு தெரு பாக்கணும் காதா, அம்மா" என்றார். 'காதா' அவருடைய தெலுங்கு, 'இல்லையா' என்று அர்த்தம்.

நாங்கள் போய்க்கொண்டிருந்தது போலீஸ் ஸ்டேஷனுக்கு.

ஒரு கோயில், இரண்டு மொழி

ஆந்திரம் தனி மாநிலமாகி அதிக நாள் ஆகவில்லை. சித்தூர் ஜில்லா அந்தப் பக்கம் போய்விட்டது. ஆனால் எந்தத் தாலுகா யாருக்கு என்பது தீரவில்லை. திருத்தணி நமக்கு வரும் என்பார்கள், நகரி அவர்களுக்குப் போகும் என்பார்கள். டீக்கடையில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்தவர்கள் இரண்டு பெஞ்சில் உட்கார ஆரம்பித்தார்கள்.

எங்கள் கோயிலில் காலையில் தெலுங்கு ஆராதனை, அது முடிந்ததும் தமிழ் ஆராதனை. வெளியே வருகிறவர்களும் உள்ளே போகிறவர்களும் வாசலில் ஒருவருக்கொருவர் தோத்திரம் சொல்லிக்கொள்வோம். அந்த வருஷம் அது நின்றுபோனது. அவர்கள் கிழக்கு வாசலால் போனார்கள், நாங்கள் மேற்கு வாசலால் நுழைந்தோம்.

இரண்டு ஆராதனைக்கும் சத்யானந்தம் ஐயர் ஒருவரே. நெல்லூர்ப் பக்கத்துக்காரர். தமிழை இங்கே வந்துதான் கற்றுக்கொண்டார். பிரசங்கத்தில் 'ழ' வரும் இடமெல்லாம் தடுமாறுவார். எங்கள் பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரிப்பார்கள். அவரும் சிரித்துவிட்டு அதே வார்த்தையை மறுபடி சொல்லிப் பார்ப்பார். மறுபடியும் தப்பாகத்தான் வரும்.

தமிழுக்குத் தமிழ் ஐயர் வேண்டும் என்று இளவட்டங்கள் கிளம்பின. முன்னால் நின்றவன் ஞானமுத்து. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஐயர் பிரசங்க மேடையில் ஏறியதும் பத்துப் பதினைந்து பேரோடு எழுந்து வெளியே போய்விட்டான். ஐயர் அவர்கள் வெளியே போய் முடிகிற வரைக்கும் காத்திருந்துவிட்டுத்தான் பேச ஆரம்பித்தார்.

தம்பியின் கோபத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. படித்து முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருந்தான். தெலுங்கு எழுதப் படிக்கத் தெரியாதவனுக்கு இனிமேல் இந்த ஊரில் ஆபீஸ் வேலை கிடையாது என்று எல்லோரும் சொன்னார்கள். பிறந்த ஊரிலேயே அயலூர்க்காரன் ஆகிவிட்டேன் என்று என்னிடம் சொல்வான். எனக்கும் அப்படித்தான் இருந்தது. நான் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் வாத்தியாரம்மா. என் வகுப்பில் பிள்ளைகள் குறைந்துகொண்டே வந்தார்கள்.

பாகாலா ஸ்டேஷனில்

பாகாலா ஜங்ஷனில் பெயர்ப் பலகையில் இருந்த தெலுங்கு எழுத்தின் மேல் தார் பூச ஒரு கூட்டம் போனது. ஞானமுத்துவும் போனான்.

அங்கே ரத்னம் என்று ஒருவர் பாயின்ட்ஸ்மேனாக இருந்தார். தண்டவாளத்தை மாற்றிவிடுகிற வேலை. தெலுங்குக்காரர், எங்கள் கோயில் தெலுங்கு ஆராதனையில் டோலக் வாசிப்பவர். பிள்ளைகள் தண்டவாளத்தில் நின்றுகொண்டு பலகையில் தார் பூசுவதைப் பார்த்ததும் கையில் கொடியோடு கத்திக்கொண்டு ஓடி வந்திருக்கிறார். வண்டி வரும் நேரம். அதைச் சொல்லத்தான் ஓடி வந்தார். அடிக்க வருகிறார் என்று இவர்கள் நினைத்தார்கள். கற்கள் பறந்தன.

ஒரு கல் அவருடைய இடது கண்ணில் பட்டது.

யார் எறிந்த கல் என்று யாரும் பார்க்கவில்லை. கூட்டம் கலைந்து ஓடிவிட்டது. ரத்னத்தை அடுத்த வண்டியில் ஏற்றிச் சித்தூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள்.

அந்த ஆஸ்பத்திரியில் எங்கள் அப்பா கம்பவுண்டர். நைனா என்று கூப்பிடுவோம்.

சோற்றில் கை வைத்தபோது

மறுநாள் மத்தியானம் நைனா சாப்பிட வந்தார். அம்மா இறந்த பிறகு வீட்டில் நாங்கள் மூன்று பேர்தான். நைனாவுக்கும் தம்பிக்கும் சோறு போட்டேன். நைனாவின் கையில் இன்னும் மருந்து வாடை. தம்பியின் விரலிடுக்கில் மண்ணெண்ணெய் வாடை. தாரைக் கழுவியிருக்கிறான் என்பது எனக்குத் தெரியும். அதற்கு மேல் ஒன்றும் தெரியாது.

நைனா சபையில் மூப்பர். சிரித்துப் பேசாத மனிதர். பரிசுத்தம் என்ற சொல்லை அவர் உச்சரித்தால் எங்களுக்கு முதுகு நிமிரும். கடவுள் பாவத்தைப் பார்க்கச் சகிக்காத கண்ணுடையவர், பாவியிடமிருந்து முகத்தைத் திருப்பிக்கொள்வார் என்று வீட்டு ஜெபத்தில் சொல்லுவார். அதைச் சொல்லும்போது அவர் முகமும் அப்படியே திரும்பும்.

"ரத்னத்துக்குக் கண்ணு போச்சி" என்றார். "கட்டுப் போட்டதே நான்தான். வலியில கூட ஜெபம் பண்ணிக்கினே இருந்தாரு அந்த மனுசன்."



"எறிஞ்சவன் எவனோ. அந்தக் கை அழுவிப் பூடும். ஆண்டவரு சும்மா வுடமாட்டாரு."

ஞானமுத்து சோற்றிலிருந்து கையை எடுத்தான். அதையே பார்த்துக்கொண்டு இருந்தான்.

"நைனா, அந்தக் கை இதுதான்."

எனக்கு முதலில் புரியவில்லை. நைனாவுக்குப் புரிந்துவிட்டது. அவர் கத்தவில்லை. எழுந்து போய்க் கை கழுவினார். துண்டில் ஒவ்வொரு விரலாகத் துடைத்துக்கொண்டார்.

"இந்த வூட்ல ஜெபம் நடக்குது. நீ இருந்தா நடக்காது" என்றார். "உன் துணிய எடுத்துக்கினு போ."

நகரி அம்மாள் கேட்ட கேள்வி

இந்த இடத்தில் பக்கத்து வீட்டு அம்மாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். நகரியில் தறி நெய்கிற குடும்பம், மகன் உத்தியோகத்துக்காகச் சித்தூரில் குடியிருந்தார்கள். வருஷா வருஷம் திருமலைக்குப் போய் முடி கொடுத்துவிட்டு வருவார். மொட்டைத் தலையில் சந்தனம் காய்ந்திருக்க, லட்டைப் பிட்டு என் கையில் வைப்பார்.

ஒருமுறை அவர் கேட்டார்: "எங்களுக்கு மலை கீது. ஏறிப் போறோம், முடிய எறக்கறோம், பாரம் எறங்கிப்பூடுது. உங்க சாமிகிட்ட எப்படிம்மா எறக்குவீங்க?"

சின்ன வயதிலிருந்து மனப்பாடம் பண்ணியிருந்த பதில் எனக்குத் தெரியும். கடவுளே வந்து நம் பாவத்தைச் சுமந்துவிட்டார், நாம் நம்பினால் போதும். அதைச் சொன்னேன். அவர் யோசித்துவிட்டு, "அப்ப நீங்க ஒண்ணுமே செய்ய வாணாமா? சுளுவாத்தான் கீது" என்றார். கேலியாகச் சொல்லவில்லை. எனக்குத்தான் என் பதில் அரைகுறையாகத் தெரிந்தது.

அன்று மத்தியானம் துணி மூட்டையோடு படி இறங்கின தம்பியைப் பார்த்தபோது அந்தக் கேள்வி ஞாபகம் வந்தது. இவன் எங்கே போய் இறக்குவான்?

செருப்பு மாட்டிக்கொள்ளக்கூட நிற்காமல் பின்னால் ஓடினேன். "வா, ஐயர் வூட்டுக்குப் போலாம்" என்றேன்.

"அவரு மூஞ்சில எப்படிக்கா முழிக்கிறது? அவர வெளிய தொரத்தணும்னு சுத்தினவன் நான்."

"வேற எங்க போவ?"

மூட்டையைத் தோள் மாற்றிக்கொண்டு என்னோடு நடந்தான்.

முதலில் சோறு

ஐயர் வீட்டில் தனியாக இருந்தார். அவர் மனைவி ரத்னத்தின் மனைவிக்குத் துணையாக ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார். ஞானமுத்து வாசலிலேயே நின்று எல்லாவற்றையும் சொன்னான்.

ஐயர் சிரித்த முகத்தோடு அணைத்துக்கொண்டார் என்று எழுத ஆசைதான். அப்படி நடக்கவில்லை. அவர் முகம் கறுத்தது. நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு எங்களுக்கு முதுகு காட்டி உட்கார்ந்துவிட்டார். காலையில்தான் ரத்னத்தைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். அவர் தோள் அசைவதைப் பார்த்து அழுகிறார் என்று நினைத்தேன். இல்லை, கோபத்தில் நடுங்கிக்கொண்டிருந்தார்.

நெடுநேரம் கழித்துத் திரும்பினார்.

"துன்னியா?" என்று கேட்டார்.

"பாதில எழுந்து வந்துட்டான் ஐயரே" என்றேன்.

உள்ளே போய்த் தட்டில் சோறும் பருப்பும் கொண்டுவந்து வைத்தார். "முதல்ல துன்னு பாபு. அப்புறம் பேசலாம்."

அவன் அழுதுகொண்டே சாப்பிட்டான். ஐயர் எதிரில் உட்கார்ந்து மோர் ஊற்றினார். சாப்பிட்டு முடித்ததும் ஞானமுத்து கேட்டான்: "ஐயரே, ஆண்டவரு என்ன வெறுத்துட்டாரா?"

"லேது" என்றார். "வெறுக்கல. அது எனக்கு நல்லாத் தெரியும். கோவமா இருக்காரான்னு கேளு. இருக்காரு. நானும் இருக்கேன். ரத்னம் கண்ணுக்குக் கோவப்படாத தேவுடு என்ன தேவுடு?"

தம்பி தலையைக் குனிந்துகொண்டான்.

"மன்னிப்பு அவருகிட்ட எப்பவோ தயாரா இருக்கு. நீ கேக்கறதுக்கு முன்னாலயே. ஆனா அத வாங்கினு ரத்னம் வீட்டு வழியாத்தான் போவணும் பாபு. சுத்துவழி இல்ல."

"போலீசு?"

"அதும் அந்த வழிலதான் இருக்கு."

பயமாக இருக்கிறது என்றான் தம்பி. அடிப்பார்கள் என்றான். தெலுங்கு ஆட்கள் தெருவிலேயே பிடித்துக்கொள்வார்கள் என்றான். எல்லாவற்றுக்கும் ஐயர் தலையாட்டினார். எதையும் இல்லை என்று சொல்லவில்லை. பிறகு ஆணியில் மாட்டியிருந்த அங்கியை எடுத்துப் போட்டுக்கொண்டார்.

மா அப்பாயி

அப்படித்தான் அந்த வெயிலில் பஜார் தெருவைக் கடந்தோம். ஒரு இடத்தில் யாரோ தெலுங்கில் திட்டினார்கள். ஐயர் நின்று, திட்டினவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, சௌக்கியமா என்று கேட்டுவிட்டு நடந்தார். பிடித்த கையை விடவில்லை.

ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் ஐயருக்கு நாற்காலி போடச் சொன்னார். தம்பி சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டார். பிறகு ஐயரிடம் தெலுங்கில், இவன் உங்களுக்கு என்ன வேண்டும் என்றார்.

"மா அப்பாயி" என்றார் ஐயர்.

எங்கள் பையன். எனக்கு அவ்வளவு தெலுங்கு அப்போதே தெரியும். நைனா சொல்ல வேண்டிய வார்த்தையை, இவன் ஊரைவிட்டே துரத்தப் பார்த்த மனிதர் சொன்னார். நான் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டேன்.

தம்பியை உள்ளே வைத்தார்கள். நாற்காலியில் உட்காராமல் ஐயர் சாயங்காலம் வரை வராந்தாத் தூணருகே நின்றார். உள்ளே யாரும் அவனை அடிக்கவில்லை.

இரண்டு பக்கமும் கோபம்

அடுத்த ஞாயிறு தெலுங்கு ஆராதனையில் பாதிப் பேர் வரவில்லை. கண்ணைக் கெடுத்தவனுக்குப் பரிந்து போனார் என்று கோபம். தமிழ் ஆராதனையிலும் பாதிப் பேர் வரவில்லை. நம் பிள்ளையை ஆந்திரா போலீசிடம் பிடித்துக் கொடுத்தார் என்று கோபம். ஐயர் இருந்தவர்களுக்குப் பிரசங்கம் செய்தார்.

அந்தப் பிரசங்கம் எனக்கு மறக்கவில்லை. "பாவத்தை வெறுக்கணும், பாவியை நேசிக்கணும்னு நான் இந்த மேடைல பலமுறை சொல்லிருக்கேன். சொல்லறது சுலபம். அந்தப் பாவி வந்து என் வாசல்ல நின்னான். நான் அவனுக்கு முதுகைக் காட்டினேன். அப்பதான் நெனைச்சேன், தேவுடு எனக்கு இப்படி முதுகு காட்டியிருந்தா நான் எங்க போயிருப்பேன்?" அவ்வளவுதான் சொன்னார். அன்று ஒரு 'ழ'வுக்கும் யாரும் சிரிக்கவில்லை.

மூப்பர்கள் வரிசையில் உட்கார்ந்திருந்த நைனா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வழக்கு நடந்தது. ரத்னம் யார் எறிந்தது என்று தான் பார்க்கவில்லை என்று கோர்ட்டில் உண்மையைச் சொன்னார். ஞானமுத்து நான்தான் என்றான். சில மாதம் தண்டனை ஆனது. ஐயர் அவனைச் சிறையில் போய்ப் பார்த்துக்கொண்டே இருந்தார். நானும் போனேன். நைனா போகவில்லை. அவன் எப்படி இருக்கிறான் என்றுகூடக் கேட்கவில்லை. ஆனால் நான் போய்விட்டு வருகிற நாளில் ஆஸ்பத்திரியிலிருந்து சீக்கிரம் வந்துவிடுவார். வந்து நான் பேசுவேனா என்று சும்மா உட்கார்ந்திருப்பார். நானாகச் சொன்னால் கேட்டுக்கொள்வார்.

ரத்னத்துக்கு ஒற்றைக் கண்ணால் பழைய வேலை பார்க்க முடியாது. பிளாட்பாரத்தில் பிரயாணிகளுக்குத் தண்ணீர் ஊற்றுகிற வேலை கொடுத்தார்கள். ஒருமுறை திருப்பதிக்குப் போகும் வழியில் பாகாலாவில் இறங்கி அவரைத் தேடிப் போனேன். என்னவோ சொல்ல வேண்டும் என்று போனவள் சொம்பைத்தான் நீட்டினேன். ஊற்றினார். மொட்டை போட்ட குழந்தைகள் சுற்றி நின்று கைகளை ஏந்தினார்கள். அவர்களுக்கும் ஊற்றினார்.

"மீ தம்முடு பாகுன்னாடா?" என்று கேட்டார். உன் தம்பி நன்றாக இருக்கிறானா?

இருக்கிறான் என்றேன். "சரி, வண்டி கிளம்புது, போ" என்று தமிழில் சொல்லிவிட்டு அடுத்த பெட்டிக்குப் போய்விட்டார். குரலில் அன்பும் இல்லை, விரோதமும் இல்லை.

பந்திக்கு முன்னால்

ஞானமுத்து விடுதலையாகி ஐயர் வீட்டில் தங்கினான். வந்த முதல் ஞாயிறு நற்கருணை ஆராதனை. கிறிஸ்துவின் பந்தியில் அப்பமும் ரசமும் வாங்கும் நாள். அப்பம் ஒன்று, பந்தி ஒன்று, அதனால் ஆராதனையும் ஒன்றுதான் என்று ஐயர் சொல்லிவிட்டார். தெலுங்கில் ஒரு பாட்டு, தமிழில் ஒரு பாட்டு. இரண்டு வாசலாலும் ஜனங்கள் வந்தார்கள், என்ன நடக்கும் என்று பார்க்கவே சிலர்.

மூப்பர்கள் முதல் நாளே கூடிப் பேசியிருந்தார்கள். இவனைப் பந்தியில் சேர்க்கலாமா? கூடாது என்றார்கள் பலர். இந்தப் பந்திக்கு ஆளைக் கூப்பிடுகிறவர் வேறொருவர், அதை மறிக்க எனக்கு அதிகாரம் இல்லை என்று ஐயர் சொல்லியிருக்கிறார். நைனா அங்கே வாயே திறக்கவில்லையாம்.

ஜனங்கள் வரிசையாகப் போய் முழங்கால் போட்டார்கள். ஞானமுத்து கடைசி வரிசையில் உட்கார்ந்த இடத்தைவிட்டு எழவில்லை. ஐயர் அவனைப் பார்த்தார், கூப்பிடவில்லை.

ரத்னம் எழுந்தார். பாகாலாவிலிருந்து காலை வண்டியில் வந்திருந்தார். எல்லோரும் முன்னால் போய்க்கொண்டிருக்க, அவர் பின்னால் நடந்து வந்தார். தம்பிக்கு எதிரே வந்து நின்றார். ஞானமுத்து எழுந்து அவர் காலில் விழப் போனான். அவர் தோளைப் பிடித்து நிறுத்தினார்.

"நா கோபம் இங்கா போலேது" என்றார். என் கோபம் இன்னும் போகவில்லை.

அவனுக்குப் புரிந்ததா என்று பார்த்துவிட்டு, உடைந்த தமிழில் சொன்னார்: "போவும். எப்போன்னு தெரியாது. நீ இங்க உக்காந்துனு இருந்தா நான் மட்டும் அங்க எப்படிப் போறது? நட."

இருவரும் நடந்தார்கள். பந்திக்கு முன்னால் பக்கத்தில் பக்கத்தில் முழங்கால் போட்டார்கள். நான் ஆண்கள் வரிசையைப் பார்த்தேன். நைனா எழுந்து நின்றுகொண்டிருந்தார். முன்பே நற்கருணை வாங்கிவிட்டவர், மறுபடி போகிற வழக்கம் கிடையாது. ஆனாலும் போனார். மகனின் இன்னொரு பக்கத்தில், தூணைப் பிடித்துக்கொண்டு, மெதுவாக முழங்கால் போட்டார். ஐயர் மூன்று பேருக்கும் அப்பத்தைப் பிட்டுக் கொடுத்தார்.  

பிற்பாடு எல்லை முடிவானது. திருத்தணி தமிழ்ப் பக்கம் போனது, சத்தியவேடு ஆந்திரப் பக்கம் வந்தது. எங்கள் தமிழ் ஆட்கள் பல பேர் ரயிலேறிப் போய்விட்டார்கள். சத்யானந்தம் ஐயர் மாற்றலாகிப் போகும்வரை தமிழ் ஆராதனையை அவர்தான் நடத்தினார். அவரைவிட நல்ல தமிழில் பாவமன்னிப்பைப் பற்றிப் பேசியவர்கள் எத்தனையோ பேரைக் கேட்டுவிட்டேன். அவர் செய்து காட்டின மாதிரி யாரும் எனக்குப் புரியவைக்கவில்லை.

அந்த நற்கருணை ஞாயிறு ஆராதனை முடிந்து நைனா முன்னால் நடந்தார். நானும் தம்பியும் பின்னால் போனோம். ஐயர் வீட்டுச் சந்து வந்ததும் அவன் நின்றான். 

முன்னால் போய்க்கொண்டிருந்த நைனாவும் நின்றார். திரும்பிப் பார்க்காமலே என்னிடம் சொன்னார்:

"சோறு ஆறிப் பூடும். அவன வந்து துன்னச் சொல்லு."